போனை ஒளித்து வைத்தவருக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்கே தெரியும், என்ன நடந்தது என்று மறுபடி எழுதத் தெம்பில்லை. இடது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வலது கையால்தான் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறை வைத்து ரசம் சாதம் கொண்டுவந்தவர்கள், ஆஸ்பத்திரியில் ராத்திரி விழித்திருந்தவர்கள், வாசலில் பனியை அள்ளிப் போட்ட பக்கத்து வீட்டு அக்கா, என் மாணவர்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு ஃபீஸை என் கணக்கில் போட்ட கிதார் நண்பர்கள் எல்லாரையும் நேரில் வந்து பார்ப்பேன். இங்கே ஒருவரைப் பற்றி மட்டும்.

அவர் இந்த ஃபிலடெல்ஃபியாவில் பஸ் ஓட்டுகிறார். அறுபதை நெருங்கும்போது ஜாஸ் கிதார் கற்றுக்கொள்ள என்னிடம் வந்தவர். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்கு யூனிஃபார்மோடு வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. இயர்போனை என் காதில் செருகி போனைத் தட்டினார். யாரோ ஒரு ஆள் சிடுசிடுவென்று பேசிக்கொண்டிருந்தான்: “அவசரப்படாதீங்க. டிமினிஷ்ட் கார்டில் நாலு நோட் இருக்கு. எதையாவது ஒண்ணை அரை ஸ்வரம் இறக்குங்க. டாமினன்ட் செவன்த் வந்துடும். நாலுக்கு நாலு!”

நான்தான் அந்த ஆள். பாடத்தை ரெக்கார்ட் பண்ணக் கூடாது என்பது என் வகுப்பின் விதி. சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறேன். மனிதர் போனைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்து 23 பாடங்களை எடுத்திருக்கிறார், டிப்போவில் இடைவேளையில் கேட்பதற்காக. “மன்னிக்கணும், சொல்லியும் கேக்கல” என்றார்.

ஒரு கார்டிலிருந்து, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டிலிருந்து, வேறு நாலு கார்ட் பிறக்கும் அந்த விஷயம் என் சரக்கு இல்லை, பேட் மார்ட்டினோ என்ற ஜாஸ் கிதார் கலைஞர் கற்றுக்கொடுத்தது. இதே ஊர்க்காரர். 1944இல் பிறந்து, 1967இல் தன் பெயரில் முதல் ரெக்கார்ட் போட்டவர். 1980இல் மூளையில் அறுவை சிகிச்சை முடிந்து எழுந்தபோது அவருக்குப் பெற்றோரையே அடையாளம் தெரியவில்லை. அப்பா அவருடைய பழைய ரெக்கார்டுகளைப் போட்டுக் காட்டினார். தன் வாசிப்பைத் தானே கேட்டுக் கேட்டு, கிதாரை மறுபடி கற்றார். 1987இல் திரும்பவும் ரெக்கார்ட் வந்தது. அப்புறம் பல வருஷம் வாசித்தார், 2021இல் இறந்தார். எத்தனையோ பேருக்குச் சொல்லியும் கொடுத்தார்.

இந்தக் கதையை வகுப்பில் எத்தனை தடவை அளந்திருக்கிறேன்! என் நினைவு பெரும்பாலும் அழியாமல் பிழைத்துக்கொண்டது. அவர் தொலைத்ததோடு என்னுடையதை ஒப்பிடவே கூடாது. ஆனால் எனக்குள் தேடினால் அகப்படாத சில பாடங்கள் ஒரு பஸ் டிரைவரின் போனில் பத்திரமாக இருந்தன. அதைக் கேட்டபடி போர்வைக்கு மேல் விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். மோதிர விரல் மட்டும் அசைந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று வேகமாக எழுந்து போய்விட்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. 23 பாடத்திலும் நான் அவரை ஒரு முறைகூடப் பாராட்டவில்லை.

சுவரில் ஒட்டிய தாளை மனைவியிடம் கிழித்துப் போடச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வாருங்கள் ஐயா. போனை மேசைமேலேயே வையுங்கள். இந்த முறை நீங்கள் வாசியுங்கள், நான் கேட்கிறேன்.