துக்கம் ஓரிடம், பழி வேறிடம்: சூப்பர் ஹீரோ கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் காமிக்ஸும் திரைக்கதையும் எழுதும் நண்பர்களுக்கு, வணக்கம்.

ஹீரோ தம்பதிக்கு எதிராகத் துக்கத்தில் வெந்த வில்லன் ஒருவனை நிறுத்த வேண்டுமென்றால் பலரும் போடும் கணக்கு ஒன்றுதான்: அவன் வீட்டில் ஒரு சாவு, காரணம் ஹீரோ, ஆகவே பழி. இது பத்துப் பக்கம் தாண்டாது. ஹீரோ நிஜமாகவே காரணம் என்றால் வாசகர் வில்லன் பக்கம் சாய்ந்துவிடுவார். இல்லையென்றால், "உட்கார்ந்து பேசியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்பார்.

மார்வெல் காமிக்ஸின் வில்லன் டாக்டர் டூமைப் பிரித்துப் பாருங்கள். அவன் பழி தீர்க்கத் துடிப்பது 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ஹீரோ குழுவின் ரீட் ரிச்சர்ட்ஸ்–சூ தம்பதியை. 1964இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் இரண்டாம் ஆண்டு மலரில் அவன் பூர்வகதை இருக்கிறது. தாயைப் பறிகொடுத்தது லட்வேரியா என்ற கற்பனை நாட்டில், சின்ன வயதில். ரீட் ரிச்சர்ட்ஸ் அப்போது யாரோ எவரோ. பிறகு அமெரிக்கக் கல்லூரியில் மறுவுலகை எட்ட ஒரு கருவி செய்கிறான் விக்டர் (டூமின் இயற்பெயர்). குறிப்புத்தாளைப் பார்த்த ரீட், தசமக் கணக்கு பிசகியிருக்கிறது என்கிறான். விக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கருவி வெடிக்கிறது, முகம் சிதைகிறது, கல்லூரியும் வெளியே தள்ளுகிறது. தப்பு தன் கணக்கில்தான் என்று ஒப்புக்கொண்டால், தாயை எட்டும் வழியைத் தானே கெடுத்தவனாகிவிடுவான். அதைவிட ரீட்மேல் பழி போடுவது சுலபம். ரீட் செய்த குற்றம், சரியாகச் சொன்னது மட்டுமே.

ஆகவே முதலில் துக்கத்தை எழுதுங்கள். அதில் ஹீரோவின் நிழல்கூட வேண்டாம். பிறகு பழி பிறக்கும் சம்பவம். 22 பக்க இதழென்றால் பிளாஷ்பேக் இரண்டு பக்கத்துக்குள் முடியட்டும். நீண்டால் அது அனுதாப வசூல். வில்லனின் குற்றச்சாட்டை ஒரே வாக்கியமாக எழுதி, கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். "இவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கே" என்று அவர் சொல்லாவிட்டால் அந்த வாக்கியம் இன்னும் வேகவில்லை.

அடுத்தது மனைவி. பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். 1962இல், ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஐந்தாம் இதழில் டூம் முதன்முதலாக வரும்போதே சூவைப் பிணையாகக் கேட்கிறான். மறைய மட்டுமே தெரிந்தவளைக் கதாசிரியருக்கும் வேறெதற்குப் பயன்படுத்தத் தெரியும்? 22ஆம் இதழில்தான் கண்ணுக்குத் தெரியாத விசைக்கவசம் அவளுக்குக் கிடைக்கிறது. அதற்கொரு விலையும் உண்டு: பலத்த அடி கவசத்தில் விழுந்தால் வலி அவளுக்குள் இறங்கும். ரீடுக்கு யோசிக்க அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை அவள் வலியால் வாங்கித் தருகிறாள். இரண்டு சக்திகள் இப்படிக் கொக்கியும் வளையமுமாக மாட்டிக்கொள்ள வேண்டும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அடித்தால் அவர்கள் வெறும் சக ஊழியர்கள்.

2002இல் சூவின் பிரசவம் சிக்கலானபோது தாயையும் சேயையும் காப்பாற்றியது டூம். கூலியாகக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமையைக் கேட்டு, வலேரியா என்று வைத்தான். அவன் காதலித்தவளின் பெயர். ரீடால் முடியாததைச் செய்த பெருமை அவனுக்கு. அந்தப் பெயரைச் சொல்லித்தான் பெற்றவர்கள் தினமும் மகளைக் கூப்பிட வேண்டும். வெடிகுண்டைவிடக் கெட்டிக்காரத்தனமான தாக்குதல் இது.

கடைசியாக, கட்டிப்பிடித்து அழும் கிளைமாக்ஸ் வேண்டவே வேண்டாம். 2015இல் தொடங்கிய 'சீக்ரெட் வார்ஸ்' தொடரில் டூம் கடவுளாகி, சூவையும் மனைவியாக்கிக்கொள்கிறான். முடிவில், அந்தச் சக்தி ரீட் கையில் இருந்திருந்தால் தன்னைவிட நன்றாகச் செய்திருப்பான் என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். மன்னிப்பு, உபதேசம் எதுவும் கிடையாது. ரீட் உலகத்தைத் திருப்பிக் கட்டும்போது அந்த முகத்தையும் சரிசெய்துவிட்டுப் போகிறான்.