கோடிக்கும் ராக்குக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது: ட்ரிபிள் எச்சுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ட்ரிபிள் எச் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சொந்தப் பெயர் பால் லெவெஸ்க் என்பதும், 2022 ஜூலையில் இருந்து டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தக் கம்பெனியில் எந்தக் கதை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிற பொறுப்பு உங்களிடம் இருப்பதும் தெரியும். ஆனாலும் எங்களுக்கு நீங்கள் ட்ரிபிள் எச்தான். உயரம், எடை, மார்பளவு எல்லாம் போட்ட ட்ரம்ப் கார்டுகளைப் பள்ளிக்கூட பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்து விளையாடிய தலைமுறை நாங்கள். அதனால் உரிமையோடு எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். 2025 ஏப்ரல் 20, லாஸ் வேகாஸ், வருஷத்தின் பெரிய ஷோவான ரெஸில்மேனியா, அதன் 41-ஆவது பதிப்பின் கடைசி மேட்ச். கோடி ரோட்ஸிடம் இருந்து ஜான் சீனா சாம்பியன் பெல்ட்டை ஜெயித்து வாங்கிய அந்த மேட்ச்.

எங்களுக்கு அது திங்கட்கிழமை காலை. நாலரை மணிக்கு ஷோ ஆரம்பம். டபிள்யூடபிள்யூஇ இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸுக்கு மாறிய பிறகு வந்த முதல் ரெஸில்மேனியா என்பதால் நானும் தம்பியும் இரண்டு நாளும் அலாரம் வைத்து எழுந்தோம். கடைசி மேட்ச் வரும்போது வெயில் ஏறிவிட்டது, அம்மா டிபன் எடுத்து வைத்துவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாச்சு, ஆபீஸுக்கு நேரமாகிறது, ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை. சீனாவுக்கு அது 17-ஆவது உலக சாம்பியன் பட்டம். ரிக் ஃப்ளேரின் 16-ஐத் தாண்டுகிற நாள். இருபது வருஷத்துக்கு மேல் நல்லவராகவே இருந்த மனிதர் வில்லனாக மாறி வந்து விளையாடிய மேட்ச். இவ்வளவும் இருந்தது. பெல் அடித்து முடிந்ததும் தம்பி ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். வருஷம் பூரா காத்திருந்த மேட்ச் முடிந்து அவன் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போனது அதுதான் முதல் தடவை.

"எல்லாம் செட்டப்புதானே, இதுக்கா இப்படி?" என்று கேட்பவர்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். செட்டப் என்பதால்தான் இந்த மடலே. கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் தோற்றால் யாரிடம் போய்க் கேட்பது? இங்கே கேட்க ஆள் இருக்கிறது. தோல்வியை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், அதற்கு அவர்கள் பொறுப்பு. எங்கள் விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பதினெட்டாம் போர் கூத்து நடக்கும். துரியோதனன் விழப்போகிறான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கும். காலையில் படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் கிடப்பான், திரௌபதி கூந்தலை முடிகிற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். சபையில் அவமானப்பட்டது அவள், சபதம் போட்டது அவள், ஆகவே முடிய வேண்டியதும் அவள்தான். சம்பந்தமே இல்லாத ஒருவர் நடுவில் வந்து துரியோதனனை அடித்துப் போட்டுவிட்டுப் போனால் அந்த ஊர் ஏற்றுக்கொள்ளுமா?

இதை நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தரவில்லை. நீங்களே செய்து காட்டியதுதான். ரெஸில்மேனியா 40.

கோடியின் சபதம் அவருடைய அப்பாவிடம் இருந்து வந்தது. டஸ்டி ரோட்ஸ் 1977-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை ஜெயித்தார், ஆனால் எதிராளி எண்ணி முடிப்பதற்குள் ரிங்குக்குத் திரும்பாத கவுண்ட் அவுட்டில் ஜெயித்தால் பெல்ட் கை மாறாது என்பது விதி. கடைசி வரை அந்த பெல்ட் அவருக்குக் கிடைக்கவே இல்லை, 2015-இல் இறந்தும் போனார். மகன் 2016-இல் கம்பெனியை விட்டுப் போனார், வெளியே போய் இன்னொரு கம்பெனி ஆரம்பிக்கத் துணை நின்றார், 2022-இல் திரும்பி வந்து, அப்பாவுக்குக் கிடைக்காததை நான் எடுப்பேன் என்றார். அந்த வருஷம் ஜூனில் ஹெல் இன் எ செல் என்கிற கூண்டு மேட்ச்சில் மார்புத் தசை கிழிந்த நிலையில் சேத் ராலின்ஸுடன் மோதினாரே, சட்டையைக் கழற்றியதும் மார்பில் இருந்து தோள் வரை கன்றிப்போய் ஊதா நிறத்தில் இருந்தது. அந்தக் காயம் மட்டும் செட்டப் இல்லை. அன்றைக்கே பாதிப் பேர் அவர் பக்கம் வந்துவிட்டோம்.

2023-இல் ரெஸில்மேனியா 39-இல் அப்போதைய சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்றார். சோலோ சிகோவா உள்ளே புகுந்து கெடுத்தார். கோபம் வந்தது, உண்மைதான், ஆனால் சோலோ ரோமனின் சொந்தக்காரப் பையன், குடும்பத்துக்காக வந்தான் என்று மனசை ஆற்றிக்கொள்ள முடிந்தது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் ரோமனோடு மோத வேண்டிய கோடியின் இடத்தை, சினிமாவுக்குப் போன பழைய சாம்பியன் ராக்குக்குக் கொடுக்கப் பார்த்தீர்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் எங்களுக்குக் கோடிதான் வேண்டும் என்று எழுதினோம், கத்தினோம். ஒரு வாரத்துக்குள் மாற்றினீர்கள். அந்தக் கோபத்தையே கதைக்குள் கொண்டுவந்து ராக்கை வில்லனாக்கினீர்கள். அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

2024 ஏப்ரல் 7, ஃபிலடெல்ஃபியா. அந்தக் கடைசி மேட்ச்சிலும் வெளியாட்கள் வந்தார்கள், அதுவும் வரிசையாக வந்தார்கள். யார் யார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ரோமனின் சொந்தக்காரர் ஜிம்மி உசோ வந்தார், அவரைத் தூக்கிப் போக இரட்டைச் சகோதரர் ஜே வந்தார். சீனா வந்து சோலோவைத் தூக்கி அடித்தார், காரணம் அதற்கு முந்தைய நவம்பரில் கிரவுன் ஜூவலில் அதே சோலோ சீனாவை நையப் புடைத்து அனுப்பியிருந்தான். ராக் வந்து சீனாவை அடித்தார், அவர்களுக்குள் இரண்டு ரெஸில்மேனியா பகை. அண்டர்டேக்கரின் மணி அடித்தது, 2017-இல் ரோமனிடம் தோற்ற மனிதர் அவர். எல்லாவற்றையும் விட அந்த நாற்காலி! ரோமன் கையில் இரும்பு நாற்காலி, ஒரு பக்கம் கோடி, இன்னொரு பக்கம் ரோமனோடு முன்பு சேர்ந்திருந்த ஷீல்ட் அணியின் உடுப்பில் வந்த சேத் ராலின்ஸ். கோடியை அடித்தால் பெல்ட் காப்பாற்றப்படும். ரோமன் ஒரு கணம் தயங்கி, திரும்பி, ராலின்ஸின் முதுகில் இறக்கினார். 2014-இல் ராலின்ஸ் இதே ரோமனின் முதுகில் நாற்காலியால் அடித்து ஷீல்டை உடைத்ததற்குப் பதிலடி. பத்து வருஷப் பழைய கோபம் 1316 நாள் வைத்திருந்த பெல்ட்டைத் தின்றது. அந்த இடைவெளியில் கோடி எழுந்தார், அவருடைய முத்திரை அடியான கிராஸ் ரோட்ஸ் மூன்று தடவை, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியாச்சு. அறிவிப்பாளர் சமந்தா இர்வினுக்குப் பெயரைச் சொல்லும்போதே குரல் உடைந்தது.

வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு பழைய கணக்கு இருந்தது. அதனால் அத்தனை பேர் குறுக்கே வந்தும் அது கோடியின் வெற்றியாகவே இருந்தது.

இப்போது அடுத்த வருஷத்துக்கு வாருங்கள். 2025 பிப்ரவரியில் ராக் வந்து, "உன் ஆன்மாவை எனக்குக் கொடு" என்று கோடியிடம் கேட்டார். நான் பார்த்த வரையில் ஒரு வில்லன் சாம்பியனிடம் கேட்ட மிகப் பெரிய விஷயம் அது. மார்ச் 1, டொராண்டோ, எலிமினேஷன் சேம்பர் ஷோ. கோடி ராக்கின் முகத்துக்கு நேராக முடியாது என்றார். சீனா வந்து கோடியைக் கட்டிப்பிடித்தார். அந்த அணைப்பில் சீனாவின் முகம் மட்டும் எங்களுக்குத் தெரிகிறது, ராக் கழுத்தை அறுப்பது போலக் கையால் சைகை காட்டுகிறார், சீனாவின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்து கண்ணில் வேறு ஒருவர் வந்து உட்காருகிறார். நானும் தம்பியும் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அடி, ரத்தம், கோடி கீழே. மேலே ராக், சீனா, கூட ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்.

அந்த ராத்திரி நீங்கள் எங்களிடம் ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். சீனா எதற்காகத் தன்னை விற்றார், ராக் என்ன கொடுத்தார், அந்த ஆன்மாவின் விலை என்ன என்று ரெஸில்மேனியாவில் சொல்கிறேன் என்கிற வாக்கு அது.

ரெஸில்மேனியாவில் ராக் வரவே இல்லை. வந்தது டிராவிஸ் ஸ்காட். அவருக்கு அங்கே என்ன கணக்கு? டொராண்டோவில் கோடியை ஒரு அறை விட்டார், அவ்வளவுதான். அவர் மெதுவாக நடந்து வந்து ரிங்குக்குள் ஏறினார், கோடி அவருக்கு ஒரு கிராஸ் ரோட்ஸ் போட்டார், அந்தக் குழப்பத்தில் சீனா கோடிக்கு இடுப்புக்குக் கீழே ஒரு அடி, பெல்ட்டால் தலையில் ஒரு அடி, மூன்று எண்ணியாச்சு. பதினேழாவது பட்டம். கோடியின் சபதத்தில் கிடைத்த பெல்ட், டஸ்டியின் பெல்ட், அந்தக் குடும்பத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாத ஒருவரால் கை மாறியது.

ராக்குக்கு சினிமா வேலை, தேதி, ஆயிரம் இருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. அவர் வருவது நிச்சயம் இல்லை என்றால் ஆன்மாவைக் கேட்கிற வசனத்தை அவர் வாயில் வைத்திருக்கக் கூடாது, அல்லது சீனாவைத் தன் சொந்தக் காரணத்துக்காக மாறவிட்டிருக்கலாம். அந்தக் காரணம் கையிலேயே இருந்ததே! இருபது வருஷமாகப் பாதி அரங்கம் "சீனா சக்ஸ்" என்று பாடியதைச் சிரித்துக்கொண்டே தாங்கிய மனிதர் அவர். பிரஸ்ஸல்ஸில் மைக்கைப் பிடித்து அதைத்தான் பேசினார், உடம்பு சிலிர்த்தது. அந்த ஒரு பேச்சை வைத்தே ரெஸில்மேனியா வரை போயிருக்கலாம்.

நியாயமாகவும் பேச வேண்டும். ஆகஸ்டில் சம்மர்ஸ்லாமில் அதே இருவரும் மோதிய ஸ்ட்ரீட் ஃபைட் அந்த வருஷத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த மேட்ச். வெளியாள் யாரும் இல்லை, இரண்டே பேர், கோடி பெல்ட்டைத் திரும்ப வாங்கினார், சீனா அதைத் தன் கையாலேயே கொடுத்தார். ஏப்ரலில் எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மேட்ச் அதுதான். ஆனால் அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க விட்டீர்களா? பிராக் லெஸ்னர் வந்து சீனாவைத் தூக்கி அடித்ததோடு ஷோ முடிந்தது.

டிசம்பர் 13 வாஷிங்டனில் சீனாவின் கடைசி மேட்ச். குந்தரின் பிடியில் கையால் தட்டி, விட்டுக்கொடுத்துத் தோற்றார், அரங்கமே உங்களைப் பார்த்துக் கூச்சலிட்டது. நான் வீட்டில் இருந்து அந்தக் கூச்சலில் சேரவில்லை. போகிறவர் இருக்கிறவரை உயர்த்திவிட்டுப் போக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். குந்தர் வரிசையாக ஜெயித்து அந்த இடத்துக்கு வந்தவர். சீனா தட்டுவதற்கு முன்னால் லேசாகச் சிரித்ததைப் பார்த்தபோது அழுதேன். ஆனால் அது சரியான அழுகை.

குந்தர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 666 நாள் இன்டர்காண்டினென்டல் பெல்ட்டை வைத்திருந்தாரே, அந்த 666 நாளில்தான் அது மறுபடியும் மதிப்புள்ள பெல்ட் ஆனது. ரெஸில்மேனியா 40-இன் முதல் நாள் ஸமி ஸெய்ன் அவரை வீழ்த்தியபோது முன்வரிசையில் ஸமியின் மனைவியும் மகனும் இருந்தார்கள். குந்தர் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஸமியை அடித்தார். அந்த மேட்ச்சுக்குப் பாடகரோ பிரபலமோ தேவைப்படவில்லை. 41-இல் இயோ ஸ்கை, ரியா ரிப்லி, பியான்கா பெலேர் மூவரும் போட்ட மேட்ச்சும் அப்படித்தான், கோடியும் சீனாவும் மோதிய அதே ராத்திரி, அதே ரிங்.

கோஃபி கிங்ஸ்டனை மறந்திருக்க மாட்டீர்கள். பதினோரு வருஷம் உழைத்து 2019-இல் ரெஸில்மேனியா 35-இல் வாங்கிய பெல்ட்டை அக்டோபரில் லெஸ்னரிடம் சில விநாடிகளில் பறிகொடுத்தார். அன்று பேனா உங்கள் கையில் இல்லை. டேனியல் பிரையனை 18 விநாடியில் தோற்கடித்தபோதும் இல்லை. ஆனால் 2014-இல் நியூ ஆர்லியன்ஸில் அதே பிரையனிடம் முதல் மேட்ச்சில் தோற்று, அவரைக் கடைசி மேட்ச்சுக்கு அனுப்பி வைத்தது நீங்கள். உங்கள் உடம்பைக் கொடுத்து அந்தக் கதையை முடித்து வைத்தீர்கள். அதைச் செய்த மனிதரிடம்தான் இதைக் கேட்கிறேன்.

கேட்டால் கேட்பவர்தான் நீங்கள். 2025 ஜூனில் மல்யுத்த வீரர் ஆர்-ட்ரூத்தைக் கம்பெனியை விட்டுப் போகச் சொன்னதும் ரசிகர்கள் எழுப்பிய சத்தத்தில் ஒரே வாரத்தில் அவர் மணி இன் தி பேங்க் ஷோவில் திரும்பி வந்து நின்றார். கோடிக்கும் ராக்குக்கும் இடையே அந்தக் கேள்வி இன்னும் அந்தரத்தில் தொங்குகிறது. பெரிய மேட்ச்கூட வேண்டாம், ராக்குக்கு நேரம் கிடைக்கிற ஒரு ராத்திரி, பத்து நிமிஷம், ரிங்குக்குள் இரண்டு பேர், இரண்டு மைக். "என் ஆன்மாவைக் கேட்டாயே, ரெஸில்மேனியா அன்று எங்கே போனாய்?" என்று கோடி கேட்கட்டும். ராக் பதில் சொல்லட்டும். என்ன பதில் என்பதை நீங்கள் எழுதுங்கள்.

நானும் தம்பியும் அலாரம் வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விழுப்புரம் பக்கத்தில் இருந்து ஒரு ரசிகன்