பேஸ் பாக்ஸைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியில் காபிக் கடைகளிலும் மாடி உணவகங்களிலும் சனிக்கிழமைதோறும் நடக்கும் பாட்டுக் கச்சேரிகளை அடியோடு நிறுத்த வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். இரவில் 'தும் தும்' என்று வீடே அதிர்கிறது, இதில் சங்கீதம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 31 வருடமாக மைக் செட் வைத்திருப்பவன். ஊரில் சத்தம் போட்டுப் பிழைத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு, கொஞ்சம் கூச்சமும் உண்டு.

அந்தக் கடிதம் வந்த வாரமே அக்கா மகன் போன் செய்தான். புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பேண்டில் வாசிக்கிறான். "மாமா, ஒரு ராத்திரி வந்து கேளுங்க. ஆனா எதையும் தொடாதீங்க, சும்மா உக்காந்து கேக்கணும்" என்றான். அந்த நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. அவன் நிச்சயதார்த்தத்தில் வேறொருவர் கட்டியிருந்த செட்டைப் பாதியில் பிரித்து மாற்றிக் கட்டியவன் நான்.

முதலில் போனது பெரிய வாய்க்கால் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடி. 30 நாற்காலி இருந்தால் அதிகம். டிரம்ஸ் வைக்க இடமில்லை. அக்கா மகன் கஹோன் என்ற மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே கையால் தட்டுகிறான். பெரு நாட்டுச் சரக்காம். பலகையின் நடுவில் தட்டினால் பேஸ் டிரம், மேல் விளிம்பில் தட்டினால் உள்ளே இருக்கும் கம்பி சடசடக்கிறது. ஒரு கிடார், ஒரு பேஸ் கிடார், பாட ஒரு பெண். இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன மிக்சர். அவ்வளவுதான். எங்கள் திருவிழாக் கச்சேரியில் செருப்பு விடும் இடத்துக்கே இதைவிடப் பெரிய பாக்ஸ் கட்டுவோம்.

சினிமாப் பாட்டு இரண்டு. அப்புறம் சொந்தப் பாட்டு. குபேர் அங்காடியில் மீன் விற்ற தன் ஆயாவைப் பற்றி அந்தப் பெண்ணே எழுதியது. ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணுகிற இடம் வந்ததும் கிடார் இரண்டும் நின்றுவிட்டன. அக்கா மகன் விரல் நுனியால் மட்டும் பெட்டியைத் தட்டினான், ஒவ்வொரு காசாக. என் எதிரே உட்கார்ந்திருந்தவர் காபிக் கோப்பையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடியே இருந்தார். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் எத்தனையோ மெல்லிசைக் குழுக்களுக்கு நான் செட் கட்டியிருக்கிறேன். கூட்டம் கவனிக்கவில்லை என்றால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரை இன்னும் கொஞ்சம் ஏற்றுவது. குறைத்துப் பார்த்ததே இல்லை.

நாலு பேருக்கும் சேர்த்து அன்றைக்குக் கிடைத்தது 3,000 ரூபாயும் சாப்பாடும்.

இரண்டாவது இடம் முத்தியால்பேட்டையில். பெயர் வேண்டாம். அங்கே வேறு பேண்டு, முழு டிரம்ஸ். தெருவில் வண்டியை நிறுத்தும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாட்டும் கேட்கவில்லை, கிடாரும் கேட்கவில்லை, 'தும் தும்' மட்டும் வருகிறது. கடையை ஒட்டிய வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால், அந்தக் கனத்த சத்தத்தை எழுப்பும் 18 இஞ்ச் பேஸ் பாக்ஸை அந்த வீட்டுக்கும் கடைக்கும் பொதுவான சுவரோடு சேர்த்து, மூலையில், வெறும் தரையில் வைத்திருக்கிறார்கள்.

கீச்சென்று வரும் சத்தத்தைச் சுவரும் கதவும் பெரும்பாலும் தடுத்துவிடும். பேஸ் அப்படி அடங்காது. சுவரையும் தரையையும் அதிரவைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கட்டில்வரை போகும். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதை இன்னும் பெருக்கிக் கொடுக்கும். ஆக, கடிதம் எழுதிய வாசகர் சொன்னதில் பொய் இல்லை. பாவம், பாட்டெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டது, அவர் பங்குக்கு வண்டல் மட்டும் வந்திருக்கிறது.

இடைவேளையில் அக்கா மகனைப் பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டான். கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு "சரி, பண்ணுங்க" என்றார். நானும் பேஸ் கிடார் பையனுமாகப் பாக்ஸைத் தூக்கிச் சுவரைவிட்டு ஆறடி தள்ளி வைத்து, அடியில் பழைய மெத்தைத் துண்டைக் கொடுத்து, மிக்சரில் பேஸைக் கொஞ்சம் இறக்கினோம். கால் மணி நேர வேலை. வெளியே வந்து பார்த்தேன். பெரியவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார் என்று எழுத ஆசைதான். அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். "இப்ப பரவால்ல" என்றார்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்றால் விலக்கு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இந்த விதியைக் கல்யாண ஊர்வலத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் நாம் எந்த லட்சணத்தில் பார்க்கிறோம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டியவன் நான்தானே. 30 பேர் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்கிற மாடிக்கு மட்டும் பூட்டா? 1982-இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருநாளை ஜூன் மாதம் புதுச்சேரியும் கொண்டாடுகிறது. அன்றைக்குத் தெருவில் பாடினால் பெருமை, மற்ற நாள் மாடியில் பாடினால் தொல்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பும்போது பஸ் இல்லை. அக்கா மகன்தான் பைக்கில் முள்ளோடை தாண்டிக் கடலூர்வரை கொண்டுவந்து விட்டான். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் இப்படி ஓர் இடம் கிடையாது. வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

புதுச்சேரியிலோ கடலூரிலோ சின்ன இடத்தில் கச்சேரி வைப்பவர்கள் கூப்பிட்டால் நானே வந்து பாக்ஸ் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டுப் போகிறேன். காசு வேண்டாம், பஸ் இருக்கிற நேரத்தில் கூப்பிட்டால் போதும். புகார் எழுதிய வாசகர் வீட்டுச் சுவரில் காது வைத்துப் பார்க்கவும் தயார். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு மைக் செட்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.