மத்தளம் நனைந்த காலையில் பறை எடுத்த ஐயாவுக்கு

அன்பான ஊரவர்களே, உறவுகளே,

கூத்தாடிய எங்கள் மாமாவை அடக்கம் செய்து நாலு நாள் ஆகிறது. என் காதில் தாளம் இன்னும் ஓயவில்லை. அவருடைய கடைசி ஆசையைப் பற்றி ஊரில் எழுந்த பேச்சும் அன்று பெய்த மழையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒப்பாரி வேண்டாம், கூத்துப் பாட்டோடு அனுப்புங்கள் என்று கேட்டார். அப்படியே போனார். குழிக்கரையில் வாழி பாடித்தான் முடித்தோம், கூத்து அப்படித்தானே முடியும்.

அவர் எங்களுக்கு இரத்த உறவில்லை. 1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் கூரை பறந்த இரவு, அப்பம்மாவையும் சின்னப் பிள்ளையாக இருந்த அப்பாவையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவர். அன்றிலிருந்து அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நல்லது கெட்டது நடந்ததில்லை.

என் பெரிய நன்றி, பறைமேளம் அடிக்க வந்த மூத்த ஐயாவுக்கு.

வடமோடிக் கூத்துப் பாட்டுத் தொடங்கும் நேரம் மத்தளம் பேசவில்லை. இரவு பந்தல் ஒழுகித் தோல் தொய்ந்துவிட்டது. தம்பிமார் வாரை இறுக்கிப் பார்த்தார்கள், துணியால் ஒற்றிப் பார்த்தார்கள். தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். சல்லரித் தாளம் மட்டும் தனியாகக் கேட்டது. மாமி ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார்.

அப்போது ஐயா மாமரத்தடியில் இருந்து எழுந்து அடுப்படிக்குப் போனார். தன் பறையை நெருப்பில் வாட்டினார். ஒரு அவசரமும் இல்லை, விரலால் தட்டுவதும் திருப்புவதுமாக நின்றார். அப்புறம் பந்தல் ஓரத்தில் வந்து நின்று அடித்தார். சாப்பறை இல்லை, அரசன் வரவுக்கு அடிக்கிற தாளம்! கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டை எடுத்தார். சதங்கை கட்டியிருந்த பேத்தி பெட்டியைச் சுற்றி ஆட, மாமி அழுதுகொண்டே சிரித்தார்.

பிறகு கேட்டேன், எங்கே பழகினீர்கள் என்று.

"சின்ன வயசில கூத்துக் களரிக்கு வெளிய நின்டு கேட்டது, மனே. உங்கட மாமாதான் கையில புடிச்சுக் கொண்டுபோய் மத்தளத்துக்குப் பக்கத்தில இருத்தினவர்."

ஆளுக்கொரு வேடம் பிரித்துச் சட்டம் கொடுத்த நாள், சதங்கை அணிந்த நாள், ஒத்திகையாக அடுக்குப் பார்த்த இரவுகள் என்று மாமா எங்களுக்குச் சொல்லாத கதையில்லை. இதை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்று காலை நீங்கள் வந்து இறங்கியபோது, யாரும் சொல்லாமலே மாமரத்தடியைக் கைகாட்டியது நான்தான், ஐயா. மழை தூறிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் கதிரைகள் காலியாகக் கிடந்தன. பழக்கம் என்று சொல்லித் தப்ப மனம் விடவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இருட்டிய பிறகும் குருமண்வெளித் துறையில் இருந்து எங்கள் சனத்துக்காக இன்னொரு தடவை பாதைப் படகை விட்ட தம்பிமார், சட்டி சட்டியாகத் தயிர் கொண்டுவந்த பட்டிக்காரர், பந்தல் ஒழுகுது என்று கேட்டதும் காத்தான்குடியில் இருந்து தறப்பாள் அனுப்பி வாடகை வாங்க மறுத்த நானா, விடிய விடியப் பிளேன்டீ ஊற்றிய மாமிமார், முதலில் கூடாது என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்து பிற்பாட்டுக்கு நின்ற பெரியவர்கள், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

மாமாவின் கூத்துக் கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. கரையான் தொட முன் அவற்றைப் படியெடுத்து முடிப்பேன். எங்கள் ஊரில் அடுத்த கூத்துக்குச் சட்டம் கொடுக்கும்போது, மத்தளத்துக்குப் பக்கத்து இடம் ஐயாவுக்கு. அதற்கு யாரோடு பேச வேண்டுமோ நானே பேசுகிறேன்.

ஐயா, 31ஆம் நாளுக்கு வாருங்கள். பறை கொண்டுவர வேண்டாம். எங்களோடு பந்தியில் இருந்து ஒரு பிடி சோறு சாப்பிட வாருங்கள்.