ஒரு கதவு ரப்பருக்காக: கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டு கதவுள்ள கூப்பே கார்களைக் கட்டி, விற்று, பிறகு நிறுத்திவிட்ட கார் நிறுவனங்களின் தலைவர்களுக்கும் உதிரிபாகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிங்கப்பூரில் தீவு விரைவுச்சாலையில் யூனோஸ் தாண்டியதும் என் வண்டி நின்றுபோனது. கொட்டும் மழை. அம்மாவை சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய்விட்டு தெம்பனிஸ் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவண்டி வந்து, காசு வாங்காமல், விரைவுச்சாலைக்கு வெளியே ஒரு கார் நிறுத்துமிடத்தில் எங்களைக் கொண்டுபோய் விட்டது. அதுவரை அம்மா காரைவிட்டு இறங்கவே இல்லை. இருந்தும் அவர் சேலைக் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டியிருந்தது. அம்மாவுக்கு 74 வயது. “கொஞ்ச நாளாவே கால்ல தண்ணி படுதுடா, நீ வருத்தப்படுவேன்னு சொல்லல” என்றார்.

மறுநாள் காக்கி புக்கிட்டில் நான் வழக்கமாகப் போகும் பட்டறை. தினமும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வரும் மெக்கானிக் தம்பி, முன் இருக்கைக் கம்பளத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் இருந்த பஞ்சு ஊறிப்போயிருந்தது. ஒரு மூலையைப் பிழிந்தாலே குவளை நிறையத் தண்ணீர். கதவுப் படியை ஒட்டி ஓடும் வயரிங்கில், பெட்ரோல் பம்புக்குப் போகும் இணைப்பு முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. “எஞ்சின்ல ஒரு குறையும் இல்லண்ணே. எல்லாம் இந்த டோர் ரப்பர் பண்ண வேலை” என்றார்.

விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல ரப்பர் என்றால் அமுங்கி எழும். இது பதினேழு வருட வெயிலில் காய்ந்து விறகாகி, மேல்மூலையில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. வழக்கமான நான்கு கதவுச் செடான் காரில் கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் இருக்கும். என் கூப்பேயின் கதவுக்கு அந்தச் சட்டம் கிடையாது. கண்ணாடி நேராக இந்த ரப்பரில்தான் போய் உட்காருகிறது. ரப்பர் போய்விட்டால் மழைக்கும் அம்மாவின் காலுக்கும் நடுவே ஒன்றுமில்லை.

விற்பனை முகவரிடம் போய்ப் பாக எண்ணைக் கொடுத்தேன். தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். உற்பத்தி நிறுத்தம். மாற்றுப் பாகம் இல்லை. நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறதாம். முன்கூட்டி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு வாங்கி அலமாரியில் வைத்திருப்பேன்.

கார் பட்டறைகள் நிறைந்த உபி வட்டாரம் முழுக்க அலைந்தேன். ஜொகூரில் ஹாஃப் கட் கடைகளுக்குப் போனேன். பழைய வண்டியைப் பாதியாக வெட்டிப் போட்டு விற்கும் அந்த இடங்களில் விளக்கு கிடைக்கும், கியர்பாக்ஸ் கிடைக்கும், எஞ்சினே கிடைக்கும். ரப்பரும் கிடைத்தது. ஆனால் அதற்கும் அதே பதினேழு வயது. விளக்குக்கு வயது தெரிவதில்லை. ரப்பர் எந்த நாட்டில் கிடந்தாலும் காய்கிறது. பழைய சாமான் கடையைக் கைகாட்டி இந்தப் பிரச்சினையை நீங்கள் முடித்துவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். பொதுவாக எல்லா வண்டிக்கும் ஒட்டும் ரப்பரையும் வாங்கி ஒட்டிப் பார்த்தாயிற்று. கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்துகிறது. தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் விசிலடிக்கிறது. மழை இன்னமும் உள்ளே வருகிறது.

இந்த வண்டிகளை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு எழுதவில்லை. காரணம் எனக்குத் தெரியும். 2002 ஆகஸ்டில் ஜப்பானில் சில்வியா, ஆர்எக்ஸ்-7, சுப்ரா, ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்ற நான்கு கூப்பேக்களும் ஒரே மாதத்தில் விடைபெற்றபோது எனக்கு இருபத்தைந்து வயது. புகை விதி இறுகியது. விற்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அந்த எஞ்சின்களைத் திருத்தக் கட்டுபடியாகவில்லை. அடுத்து வந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இன் சுழல் எஞ்சின், தன் உள் முனைகளை வழவழப்பாக வைத்துக்கொள்ளவே எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும். அதை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதியைத் தாண்ட முடியாமல் 2010இல் ஐரோப்பாவில் நின்றது, 2012இல் ஜப்பானிலும் முடிந்தது. ஹோண்டாவின் எஸ்2000 தனக்கென்றே ஓர் அடித்தளம் வைத்திருந்தது, வேறெந்த வண்டியும் அந்தச் செலவில் பங்குபோடவில்லை, 2009இல் கடைசி. டொயோட்டாவின் ஜிஆர்86 ஐரோப்பாவில் 2024இல் நின்றதற்குப் புகைகூடக் காரணமில்லை, புதிய பாதுகாப்பு விதி கேட்ட கருவிகள் காரணம். நிஸ்ஸானின் ஆர்35 ஜிடி-ஆர் 18 வருடத்தில் சுமார் 48,000 வண்டிகளோடு 2025 ஆகஸ்டில் தோச்சிகி ஆலையில் முடிந்தது. உலகமெங்கும் ஓடும் ஒரு குடும்பக் கார் சில மாதத்தில் தாண்டிவிடும் எண்ணிக்கை அது. இரண்டு கதவு, பின்னால் பேருக்கு ஓர் இருக்கை, ஒரே சந்தையில் கொஞ்ச நாள் பரபரப்பு, பிறகு சரிவு. அதே அடித்தளத்தை உயர்த்தி எஸ்யூவியாகக் கட்டினால் குடும்பமே வாங்குகிறது. உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும்.

ஆகவே வண்டியை நிறுத்தியதில் எனக்கு வருத்தம் உண்டு, வழக்கு இல்லை. வழக்கு பாகத்தை நிறுத்தியதில்தான். தயவுசெய்து பாகத்தை நிறுத்தாதீர்கள்.

இந்த வண்டியின் பிரேக் கட்டை இன்றைக்கும் கிடைக்கிறது. எண்ணெய் ஃபில்டர், பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் கிடைக்கிறது. அவை உங்களின் வேறு பத்து மாடல்களிலும் ஓடுபவை. கிடைக்காமல் போவது கூப்பேக்கு மட்டுமே உரிய பாகம்: கதவு ரப்பர், பின் கண்ணாடி, கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் நீளமான கை. அதாவது அந்த வண்டியைக் கூப்பே ஆக்கிய சாமான் எதுவோ, அதுதான் முதலில் மறைகிறது. செலவு பிடிக்கிற சாமான் எல்லாம் இருக்க, இருநூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பெறாத ரப்பருக்காக ஒரு முழு வண்டி கழிவுக்குப் போகிறது.

சிங்கப்பூரில் இது எப்படி வலிக்கிறது என்று உங்கள் தலைமையகத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே வண்டி வைத்திருக்கும் உரிமையே பத்து வருடத்துக்குத்தான். அதற்கு ஏலத்தில் சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவில் அது 150,001 வெள்ளியைத் தொட்டது. பத்து வருடம் முடிந்ததும் வண்டியை ஒப்படைத்துவிடலாம், இல்லையென்றால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். புதுப்பித்தால் பதிவு ரத்தின்போது கிடைக்க வேண்டிய கழிவுத்தொகையை விட்டுக்கொடுக்க வேண்டும். வருடா வருடம் சோதனைக்குப் போக வேண்டும். சாலை வரியில் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போய் ஐம்பது விழுக்காட்டில் நிற்கும். இவ்வளவும் தெரிந்துதான் 2018இல் முப்பதாயிரம் வெள்ளிக்கும் மேலே கட்டி இன்னொரு பத்து வருடம் வாங்கினேன். அந்தப் பணத்தில் வேறு வண்டிக்கு முன்பணம் கொடுத்திருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். இந்த வண்டி வேண்டும் என்றேன்.

உங்கள் கணக்கில் என் வண்டி முடிந்துபோன வண்டி. எனக்கு 2028 வரை அது ஓட வேண்டிய வண்டி. பத்து வருடம் கழித்தும் உங்கள் பெயர் போட்ட பொருளுக்கு இரண்டாம் முறை விலை கொடுக்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களைத்தான் கைவிடுகிறீர்கள்.

நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்க்கிறவன். கதவு ரப்பர் எனக்குப் புதிதில்லை. இருபது, இருபத்தைந்து வயதான விமானம் எங்கள் கொட்டகைக்கு வரும். கதவைச் சுற்றிய ரப்பர் தேய்ந்திருந்தால் எண்ணைப் பார்த்து எழுதிக் கொடுப்போம், புதிது வரும். அந்த மாடல் விற்பனை நின்று எவ்வளவு காலமானாலும் வரும். வராவிட்டால் விமானம் பறக்காது என்பதால் அதற்கான ஏற்பாட்டை முதலிலேயே செய்திருக்கிறார்கள். காரும் மனிதரை ஏற்றிக்கொண்டுதானே போகிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் புளோக்கின் பலமாடி நிறுத்துமிடத்தில் ஐந்தாம் தளத்துக்கு வந்து பாருங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு. எல்லாம் ஒரே உயரம், ஒரே முதுகு. சின்ன வயதில் அப்பாவோடு அப்பர் புக்கிட் தீமாவில் நடந்து போகும்போது, போகிற வண்டியின் பின்விளக்கை மட்டும் பார்த்து செலிக்கா, பிரிலூட் என்று பெயர் சொல்வேன். இன்று என் மகனால் சின்னத்தைப் பார்க்காமல் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. அப்பாவின் ரேடியோவுக்கு வால்வு போனால் வால்வு மாற்றினார்கள்; இப்போது துணி துவைக்கும் இயந்திரத்தில் ஒரு பொத்தான் போனால் இயந்திரத்தையே மாற்றச் சொல்கிறார்கள். ஒரு பொருளை நேசித்து நெடுநாள் வைத்துக்கொள்வது குற்றம்போல் ஆகிவிட்டது. ஆசையை வளர்த்துவிட்டது நீங்கள். ஓட்டும் சுகம் என்று சுவரொட்டி அடித்து எங்களை வாங்க வைத்தவர்கள் நீங்கள். அந்த ஆசையை நம்பி வந்தவனின் தாயார் நனைந்த காலோடு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்.

கோபத்தில் எழுத்து கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடியாததை நான் கேட்கவில்லை. உங்களில் சிலர் ஏற்கெனவே செய்கிறீர்கள். 2017இல் நிஸ்ஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ, ஆர்32 ஜிடி-ஆருக்குப் பழைய பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு மாஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. டொயோட்டா பழைய சுப்ராவுக்கும் ஏஇ86-க்கும் பாகம் செய்கிறது. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவையெல்லாம் உலகமே தேடும் பிரபலங்கள். அவற்றுக்கு அடுத்த வரிசையில் நின்ற, சாதாரணச் சம்பளக்காரன் கடன் போட்டு வாங்கிய கூப்பேக்களை யார் கவனிப்பது? ஹோண்டா 2001இல் நிறுத்திய பிரிலூட் என்ற பெயரை 2025இல் மறுபடி கொண்டுவந்தது. 24 வருடம் கழித்தும் ஒரு கூப்பேயின் பெயருக்கு மதிப்பு இருக்கிறது என்றால், அந்த மதிப்பை இத்தனை நாள் காத்துவைத்தவர்கள் பழைய வண்டியைத் துடைத்துத் துடைத்து ஓட்டியவர்கள்தானே?

கதவு ரப்பருக்கு வேண்டியது ஓர் அச்சு, மூலைகளை இணைக்க இரண்டொரு வார்ப்பு. அவை உங்களிடமோ உங்களுக்குச் செய்து கொடுத்த சிறு நிறுவனத்திடமோ இருந்திருக்க வேண்டும். அவற்றை உருக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, முன்பணம் வாங்கிக்கொண்டு, கேட்டவர்களுக்கு மட்டும் செய்து கொடுங்கள். விலை இரு மடங்கானாலும் தருகிறோம். அதுவும் முடியாதென்றால் வரைபடத்தை வெளியிடுங்கள். செய்யக்கூடியவர்கள் இங்கேயும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். எதை நிறுத்துவதானாலும் ஒரு வருடம் முன்னதாக முகவர் வழியே எங்களுக்குச் சொல்லுங்கள். வண்டிப் பதிவில் எங்கள் பெயர் இருக்கிறது. எங்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மறுபடி தாழ்மையோடு கேட்கிறேன்: வண்டியை நிறுத்தியது நிறுத்தியதாக இருக்கட்டும், பாகத்தை நிறுத்தாதீர்கள்.

ஓட்டுநர் பக்கமான வலதுகதவின் ரப்பர் இன்னும் பிளக்கவில்லை. பிளந்த இடதுபக்கத்து ரப்பரைக் கழற்றி, வடிவம் கெடாமல் அட்டையில் கட்டி வைத்திருக்கிறேன். மூலை வளைவு, உள்ளே ஓடும் குழாயின் விட்டம், கிளிப்புகளுக்கு இடையே உள்ள தூரம் எல்லாம் அளந்து எழுதியிருக்கிறேன். அச்சு தொலைந்துவிட்டது என்றால் இதை வைத்துப் புதிது எடுத்துக்கொள்ளலாம். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

மரியாதையுடன்,
தெம்பனிஸிலிருந்து ஒரு கூப்பே உரிமையாளர்