தும்மல் மாத்திரையும் மறுநாள் காலையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வாமைக்குப் போடும் மாத்திரை தூக்கத்தை வரவழைக்கும் என்பது அனேகமாக எல்லோருக்கும் தெரிந்ததே. "இரவில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் போயிற்று" என்பதோடு அந்தப் பேச்சும் முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் வேலை இரவோடு முடிவதில்லை என்பதையும், கண் சொருகாமலேயே கவனம் மழுங்கக்கூடும் என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சில வாரங்களுக்கு முன், ஓயாத தும்மலும் மூக்கொழுகலுமாக இருந்த ஓர் இரவில், பத்தரை மணிக்குக் குளோர்பெனிரமின் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டரை மணிக்கு வண்டியை எடுத்தபோது எனக்குத் தூக்கக் கலக்கம் துளியும் இல்லை என்றே நம்பினேன். முன்னால் சென்ற காரின் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்ததைக் கண் பார்த்தது. கை பிரேக்கைப் பிடிக்கத்தான் தாமதமாகிவிட்டது. வண்டி நின்றபோது, என் முன்சக்கரத்துக்கும் அந்தக் காருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

மூக்கில் தும்மலையும் தோலில் அரிப்பையும் கிளப்பிவிடும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள்தான், மூளைக்குள் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் வேலையையும் செய்கிறது. 1940களில் புழக்கத்துக்கு வந்த டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின் போன்ற பழைய தலைமுறை மருந்துகள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகுந்து, அங்கேயும் ஹிஸ்டமினைத் தடுத்துவிடுகின்றன. குளோர்பெனிரமினைப் பொறுத்தவரை, பெரியவர்களின் உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகக்கூடும் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் எனக்கு அன்று காலை நடந்தது புரிந்தது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது, 2000ஆம் ஆண்டில் வெளியான அயோவா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று. நாற்பது பேரை ஓட்டுநர் பயிற்சிக்கூண்டு போன்ற பாவனைக் கருவியில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னபோது, டைபென்ஹைட்ரமின் உட்கொண்டவர்களின் ஓட்டம் மது அருந்தி ஓட்டியதைவிட மோசமாக இருந்தது. அதைவிட முக்கியமாக, தமக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்கள் சொன்னதை வைத்து அவர்கள் எவ்வளவு தடுமாறுவார்கள் என்று கணிக்க முடியவில்லை. "எனக்கொன்றும் தூக்கமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற நம்பிக்கை இந்த மருந்தின் விஷயத்தில் செல்லாது. அதே ஆய்வில் பெக்ஸோபெனடின் என்ற புதிய தலைமுறை ஒவ்வாமை மருந்தை உட்கொண்டவர்கள், மருந்தற்ற வெற்று மாத்திரை உட்கொண்டவர்களைப் போலவே ஓட்டினார்கள்.

மூளைக்குள் அதிகம் நுழையாத பெக்ஸோபெனடின், லோராடடின் போன்றவை பல ஆண்டுகளாகவே கிடைக்கின்றன. செடிரிசினும் புதிய தலைமுறையைச் சேர்ந்ததுதான் என்றாலும், சிலருக்கு அது தூக்கத்தைத் தரவே செய்கிறது. ஆகவே வண்டி ஓட்டுபவர்களும், இயந்திரத்தில் வேலை செய்பவர்களும், தேர்வு எழுதப் போகும் மாணவர்களும் தமது வேலை இன்னது என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதியவர்களுக்குப் பழைய மருந்துகள் தலைச்சுற்றலையும் குழப்பத்தையும் உண்டாக்கி, நள்ளிரவில் எழும்போது விழச் செய்யக்கூடும் என்பதால் அவர்களிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. சளி, காய்ச்சலுக்கென்று விற்கப்படும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் குளோர்பெனிரமின் இருப்பதை அறியாமல், ஒவ்வாமை மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொள்பவர்கள் என் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். இவற்றோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மயக்கம் இன்னும் கூடும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அந்த மாத்திரை அட்டையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். நான் வாங்கியது கத்தரித்துக் கொடுத்த நான்கு மாத்திரைகள். அதன் பின்புறத்தில், "தூக்கம் வரலாம், வாகனம்" என்பது வரைதான் இருந்தது. மிச்ச வாக்கியம் வெட்டப்பட்ட மறுபாதியோடு போய்விட்டது. இந்த எச்சரிக்கையை மாத்திரை ஒவ்வொன்றின் பின்னாலும், கண்ணாடி போடாமலே படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடுமாறு மருந்து நிறுவனங்களையும், மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே "நாளைக் காலையில் வண்டி ஓட்டுவீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்குமாறு மருந்தாளுநர்களையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்