சனிக்கிழமை அறிவியல் வகுப்பு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் நல்லபடியாகப் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வில் பெரும்பாலோர் முன்னேறியிருக்கிறார்கள். விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் பரிசுகள் வாங்கினோம். பயிற்சி கொடுத்த ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாராட்டுகள்.

சனிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்சியிலிருந்து நாட்டு நலப்பணித் திட்டத்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள் வந்து, ஆறு முதல் எட்டு வரை படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை அறிவியல் சோதனைகள் செய்யக் கற்றுத் தருகிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. தங்கள் படிப்புக்கு நடுவே, ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து வருகிறார்கள். 2022-இல் நம் திருச்சியில் தொடங்கிய, அரசுப் பள்ளிகளுக்கான நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டமான வானவில் மன்றம் பிள்ளைகளுக்கு ஏற்படுத்திய ஆர்வத்தை இந்த அக்காக்களும் அண்ணன்களும் வாராவாரம் வளர்க்கிறார்கள்.

மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவப்பதும், அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாவதும் இப்போது எங்கள் ஆறாம் வகுப்புக்குப் பழைய கதை. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பேட்டரி, காந்தம், செப்புக் கம்பி வைத்து மோட்டாரே செய்கிறார்கள். கம்பிச் சுருளின் ஒரு முனையில் எனாமல் பூச்சை முழுவதும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் பாதிச் சுற்று மட்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டினால், மின்சாரம் விடாமல் பாய்ந்து, சுருள் ஆடி ஆடி நின்றுவிடும். முதலில் எல்லாப் பிள்ளைகளும் முழுதாகத்தான் சுரண்டுகிறார்கள். சுற்றாததைப் பார்த்து, யோசித்து, புதுக் கம்பி எடுத்துத் திரும்பச் செய்கிறார்கள். பாடம் மனத்தில் பதிவது அங்கேதான், அதற்கு நேரம் வேண்டும்.

அந்த நேரம்தான் இப்போது குறைகிறது. வகுப்பு 4 மணிக்கு முடிந்தாலும், சில பிள்ளைகளை அழைத்துப் போக ஐந்தரை வரை யாரும் வருவதில்லை. நெடுஞ்சாலையைத் தாண்டிப் போகும் பிள்ளைகளைத் தனியே அனுப்புவதில்லை என்பது பள்ளி மேலாண்மைக் குழுவில் நாம் சேர்ந்து எடுத்த முடிவு. சனிக்கிழமை ஓர் ஆசிரியர்தான் இருப்பார். பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லாமல் பல்கலைக்கழக மாணவர்களும் அவரோடு நின்றுவிடுகிறார்கள். 4.40 பஸ் போய்விடுகிறது. அடுத்த பஸ்ஸில் போனால் மாணவிகளுக்கு விடுதி மூடும் நேரம் கடந்துவிடுகிறது. விடுதிக் காப்பாளரிடம் பதில் சொல்வது அவர்கள்தான். இதற்குப் பயந்து மூன்றரைக்கே எல்லாவற்றையும் எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் பிள்ளைகளுக்குப் பதிலாக அவர்களே கம்பியைச் சுரண்டிக் கொடுத்ததைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

சம்பா அறுவடை நடக்கிறது, வயலிலிருந்து நினைத்த நேரத்துக்குக் கிளம்ப முடியாது என்பதை அறிவேன். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வர முடியாதவர்கள் அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் சொல்லி, அவர் பெயரைப் பிள்ளையின் நாட்குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஒரே தெருப் பிள்ளைகளை ஒருவரே கூட்டிப் போகலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரும் சனிக்கிழமையிலிருந்து 4.15-க்குள் யாராவது வந்தாக வேண்டும். ஏற்பாடும் இல்லாமல், தகவலும் இல்லாமல் திரும்பத் திரும்பத் தாமதமானால், அந்தப் பெற்றோர் என்னை நேரில் வந்து பார்த்த பிறகே பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பேன். வீட்டைவிட்டு வந்து படிக்கும் அந்தப் பெண்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் இருட்டில் பஸ் நிறுத்தத்தில் நிற்பதை நான் அனுமதிக்க மாட்டேன்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். நம் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன், 1928-இல் ராமன் விளைவைக் கண்டறிந்த நாள். அன்று பிள்ளைகள் தாங்கள் செய்தவற்றை உங்களுக்குக் காட்டப்போகிறார்கள். ஒரு மணி நேரமாவது ஒதுக்கி வாருங்கள். அவர்களே விளக்கிச் சொல்வார்கள்.

ரீவைண்டிங் கடையிலிருந்து செப்புக் கம்பி கொடுத்தனுப்பிய தந்தைக்கும், வாராவாரம் மாணவர்களுக்குத் தேநீர் போட்டுத் தரும் தாய்மார்களுக்கும், சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வரும் பெற்றோர் அனைவருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி